கீழே கடை, மேலே குடியிருப்பு: புதுக் கட்டடத்தில் கடை எடுக்கும் முன்

கிளிநொச்சியில் ஏ9 வீதியால் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை பார்த்துக்கொண்டு போனால், கீழ்த்தளத்தில் ஷட்டர் போட்ட கடை அறைகளும் மேலே விடுதியோ நிதி நிறுவனமோ ரியூசன் வகுப்போ வீடோ உள்ள புது மாடிக் கட்டடங்கள் கண்ணில் படும். வவுனியா நகரிலும் அப்படித்தான். மாங்குளம், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை என்று சந்தி கூடும் இடங்களிலும் இந்த வகைக் கட்டடம் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. மீளக்குடியமர்ந்த காலத்தில் தகரக் கொட்டிலில் வியாபாரம் தொடங்கியவர், இன்று நல்லதொரு கடை அறையை எடுத்துக் கண்ணாடிக் கதவு போட விரும்புவது நியாயமான ஆசை. அதற்குப் பின்னால் நகை அடகு வைத்த காசும், வெளிநாட்டுச் சகோதரர் அனுப்பிய காசும், வங்கிக் கடனும் இருக்கின்றன.

அந்தக் காசில் பெரும்பகுதி கழற்றிக்கொண்டு போக முடியாத பொருளாகிறது. ராக்கை, சீலிங், டைல்ஸ், வயரிங், பெயர்ப்பலகை எல்லாம் இன்னொருவரின் சுவரில் பொருந்திவிடும். கடையைத் திறந்த நாளோடு பேரம் பேசும் பலம் கட்டடக்காரரின் கைக்குப் போய்விடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்கவும், பார்க்க வேண்டியதைப் பார்க்கவும் உங்களுக்குள்ள காலம் முற்பணம் கொடுப்பதற்கு முந்திய சில கிழமைகள்தான். வாடகை எவ்வளவு என்பது அந்தக் கிழமைகளில் கேட்கும் கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

காணி யாருடையது?

கொழும்பில் கடை எடுப்பவர் கட்டடத்தைப் பார்ப்பார். வன்னியில் கடை எடுப்பவர் கட்டடத்துக்குக் கீழே உள்ள காணியைப் பார்க்க வேண்டும். கிளிநொச்சி 1930களில் இரணைமடுக் குளத்தை நம்பித் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த ஊர். ஊரைச் சுற்றியும் நகருக்குள்ளும் உள்ள காணிகளில் பெரும்பங்கு அரசு பகிர்ந்து கொடுத்தது. முல்லைத்தீவு மாவட்டத்திலும் வவுனியாவின் பல பகுதிகளிலும் நிலைமை இதுவே. நான்கு மாடி எழும்பி, வெளிச்சுவரில் அலுமினியத் தகடு பளபளக்கும் கட்டடமும் ஒரு பழைய பெர்மிற் காணியின் மேல் நிற்கக்கூடும்.

ஆகவே கட்டடக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: தனியார் உறுதிக் காணியா, பெர்மிற்றா, அளிப்புப் பத்திரமா, அரசிடமிருந்து எடுத்த நீண்டகாலக் குத்தகையா?

உறுதிக் காணி என்றால் வழி எளிது. காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கலாம். மற்ற மூன்றும் கவனமாகக் கையாள வேண்டியவை. பெர்மிற்றும் அளிப்பும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. குடியிருக்கவோ பயிர் செய்யவோ கொடுத்த பெர்மிற் காணியில் கடை கட்டிக் குத்தகைக்கு விடும் உரிமையைப் பெர்மிற்காரர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அளிப்புப் பத்திரக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் எழுதிய உறுதி எத்தனை முத்திரை ஒட்டியிருந்தாலும் செல்லாது. நீண்டகாலக் குத்தகை, 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் இரண்டு விடயங்களைப் பாருங்கள். கட்டடக்காரருக்கு இன்னும் எத்தனை வருடம் மிஞ்சியிருக்கிறது? கீழ்க்குத்தகைக்குக் கொடுக்க அவருக்கு அனுமதி உண்டா? ஆறு வருடம் மிஞ்சியிருப்பவர் உங்களுக்குப் பத்து வருடம் எழுதித் தர முடியாது.

2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் முழு உரித்து வந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் புதுப் பத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பம் கொடுத்த துண்டு உரித்தாகாது.

இடப்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்தவர்கள் வன்னியில் ஏராளம். ஒருவரின் காணியில் இன்னொருவர் பல வருடம் இருந்ததும், பிறகு இருவரும் உரிமை கோரியதும் நடந்திருக்கிறது. தோம்பில் தெரியாத வழக்கு அயலவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு தேத்தண்ணி குடித்தபடி விசாரியுங்கள். கிராம அலுவலரிடமும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் இருவரும் சொல்வார்கள்.

அடுத்தது, கையெழுத்துப் போட வருபவர் யார் என்பது. கட்டடம் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணனுடையது, பார்ப்பது இங்கே உள்ள தம்பி. இது வன்னியில் மிகச் சாதாரணம். தம்பி நல்லவராக இருக்கலாம். ஆனாலும் அவர் பெயருக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதிப் பதிந்திருக்கிறதா, அதில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணி படித்துப் பார்க்க வேண்டும். வாடகை வாங்கும் அதிகாரம் மட்டும் உள்ள தத்துவத்தை வைத்துக் குத்தகை எழுத முடியாது. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு முடிந்துவிடும்.

காணி மனைவிக்குச் சீதனமாக வந்ததென்றால், தேசவழமைக்கு உட்பட்டவர்களிடையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 1911 முதல் அப்படித்தான் சொல்கிறது. சகோதரர்கள் பங்கு பிரிக்காமல் வைத்திருக்கும் காணியாயின் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால், மற்றவர் பிரான்சிலிருந்து வந்து இறங்கும் நாளில் உங்கள் நித்திரை போகும்.

கடைசியாக ஈடு. புதுக் கட்டடங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில் எழும்பியவை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், கடன் தவறினால் வழக்கில்லாமலே ஆதனத்தை ஏலம் போட வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. உங்கள் குத்தகைக்கு முன்பே வங்கியின் ஈடு பதிவாகியிருந்தால் வங்கியின் உரிமை முந்தியது. அதற்காகக் கடையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. குத்தகைக்குச் சம்மதம் என்று வங்கியிடமிருந்து ஒரு கடிதம் எடுத்துத் தரும்படி கட்டடக்காரரிடம் கேளுங்கள்.

இடத்தைப் பார்க்கும்போது

கிளிநொச்சி நகருக்குள் ஏ9 ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது. அதனால் வீதியோரக் கடைகளின் முகம் ஒன்றில் கிழக்கு, இல்லாவிட்டால் மேற்கு. வீதிக்குக் கிழக்குப் பக்கமாக உள்ள கடை மேற்கைப் பார்க்கும். வெயில் சாயும் பின்னேரத்தில் அந்தக் கடைக்கு முன்னால் ஒருதடவை நின்று பாருங்கள். கண்ணாடிக் கதவுக்குள் வெயில் எவ்வளவு தூரம் வருகிறது, பிஸ்கற் பெட்டியும் மருந்தும் துணியும் வைக்கும் ராக்கையில் விழுகிறதா என்பது அப்போது தெரியும். புடைவைக் கடையென்றால் முன்வரிசைத் துணி ஒரு கோடையிலேயே நிறம் மங்கும். ஏசி போடுபவருக்குக் கரண்ட் பில் கூடும். முன்னால் எத்தனை அடி பந்தல் இறக்க விடுவார் என்பதைப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும் அதே வழியால் வரும்.

மாரியில் இன்னொருதடவை பாருங்கள். முடியாவிட்டால் அயலவரைக் கேளுங்கள். 2018 டிசம்பரில் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் எங்கெங்கே ஏறியது என்று ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடையின் நிலமட்டம் வீதியின் தார்மட்டத்தைவிட உயர்ந்ததா, முன்னால் உள்ள வாய்க்கால் எங்கே போய் முடிகிறது, அதைப் பக்கத்துக் கட்டடம் மண் போட்டு மூடியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாமான் அடுக்கும் முதல் தட்டின் உயரத்தை முடிவு செய்வது இந்த வாய்க்கால்தான்.

சனம் நடமாடும் இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நடமாட்டத்துக்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் நிலையானதா என்று கேளுங்கள். வவுனியாவில் 2017 ஜனவரியில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அதன் பின் பழைய பஸ் நிலையத்தை மூடும் விடயம் பெரும் இழுபறியானது. பஸ் போனால் வியாபாரமும் போய்விடும் என்று பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016இல் நடந்த சண்டையும் நினைவிருக்கும். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்தும் அது வருடக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. கட்டடம் புதிது என்பதற்காகச் சனம் வந்துவிடாது. அறிவியல் நகரில் பொறியியல் பீடத்து மாணவரையும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களையும் நம்பிக் கடை எடுப்பவர், விடுமுறையில் எத்தனை மாதம் அந்த வீதி வெறிச்சோடும் என்று அங்கே ஏற்கனவே கடை வைத்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேல்மாடி உங்கள் தலைக்கு மேல்

தனிக் கடைக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். மேலே உள்ளவரின் தண்ணீர் உங்கள் கூரைக்குள்ளால் இறங்குகிறது. சீலிங் அடித்து மறைத்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேல்மாடி மலசலகூடக் குழாய் உங்கள் கடையின் எந்த மூலையால் வருகிறது என்று பாருங்கள். பிறகு ஒருவரை மேலே அனுப்பி, குளியலறையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுக் கீழே கொங்கிறீற் தட்டை ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் உடனே தெரியாது. அரை மணித்தியாலம் காத்திருங்கள். குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கறுத்த வளையம் இருந்தால் அது பழைய கசிவு. அதைத் திருத்திய பிறகுதான் முற்பணம். கசிவால் சாமான் பழுதானால் யார் ஈடு செய்வது என்பதும் குத்தகை உறுதியில் ஒரு வரியாக வர வேண்டும்.

மின்சார மீற்றர் தனியாக வேண்டும். மேல் வீட்டு இணைப்பிலிருந்து ஒரு வயர் இழுத்து, "பில்லைப் பாதி பாதியாப் பிரிப்பம் தம்பி" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பாவனைக்கும் கடைக்கும் மின்கட்டண வகை வேறு. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது பிழை. பேக்கரியோ குளிர்சாதனமோ அரைக்கும் மெசினோ உண்டென்றால் திரீ பேஸ் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எடுக்கும் செலவு யாருடையது? 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தை மறக்க வேண்டாம். ஜெனரேற்றர் வைக்க இடம், அதன் புகையும் சத்தமும் மேல்மாடி விடுதிக்காரருக்குத் தொல்லையாகாத வழி, இரண்டையும் முன்கூட்டிப் பேசுங்கள்.

தண்ணீர் பொதுவான குழாய்க்கிணறு என்றால் மோட்டரின் பில்லும் திருத்தச் செலவும் எப்படிப் பிரியும்? மலசலகூடக் குழி நிரம்பினால் பவுசர் கூப்பிடுவது யார்? விடுதிக்குப் பத்து அறை, உங்களுக்கு ஒரு மலசலகூடம். சம பங்கு கேட்பது அநியாயம். அதைத் துணிந்து சொல்லுங்கள்.

முன்வாசலில் வாகனம் நிறுத்தும் இடமும் அப்படியே. மேலே நிதி நிறுவனம் வந்தால் அதற்கு வருவோரின் மோட்டர் சைக்கிள் முழுக்க உங்கள் ஷட்டருக்கு முன்னால்தான் நிற்கும். எத்தனை அடி உங்களுக்கென்று கீறிக்கொள்ளுங்கள்.

கட்டடத்தின் கடதாசிகள்

அனுமதி பெற்ற பிளான் இருக்கிறதா, அந்தப் பிளானில் கீழ்த்தளம் கடை என்றே காட்டப்பட்டிருக்கிறதா என்று பிரதேச சபையிலோ வவுனியா மாநகர சபையிலோ கேட்டறியலாம். கட்டி முடித்த பிறகு தரும் சீ.ஓ.சி., அதாவது ஒழுங்கிசைவுச் சான்றிதழ் கிடைக்கும்வரை கட்டடத்தைப் பாவனைக்கு விடக்கூடாது என்பதே சட்டம். "நீங்க வந்து திறவுங்கோ, சீ.ஓ.சி. பிறகு எடுக்கலாம்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. பிறகு எடுக்க முடியாமல் போனால் வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு அலைவது நீங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டிக் கடையின் முகப்பு வீதிப் பக்கமாக நீண்டிருக்கிறதா என்பதையும் பிளானில் பாருங்கள். வீதி அகலும் நாளில் முதலில் போவது முகப்பு.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் இரவு பிடித்த தீ பெருந்தொகையான கடைகளை எரித்தது. அப்போது கிளிநொச்சியில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வாகனம் வரும்வரை வியாபாரிகள் தங்கள் உழைப்பு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடிக் கட்டடத்தில் ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் மேலே ஆட்கள் படுத்திருக்கிறார்கள். பின்கதவு உண்டா, படிக்கட்டின் அடியில் காட்போட் பெட்டியும் காஸ் சிலிண்டரும் அடுக்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டடக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்குத்தான். உங்கள் சாமானுக்கு நீங்கள்தான் தனியாகத் தீக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

எழுத்து

வன்னியில் கடை எடுக்கும் வழக்கம் இப்படி: கடையில் விற்கும் ஒப்பந்தப் படிவத்தில் தொகையையும் வருடத்தையும் எழுதி, இரண்டு பேர் சாட்சி வைத்து, ஜே.பி.யிடம், அதாவது சமாதான நீதவானிடம், கொண்டுபோய்ச் சீல் அடிப்பது. ஐந்து வருடக் குத்தகை என்று நம்பிக்கொண்டு வருவார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் சட்டத்தில் நிற்கும். சமாதான நீதவானின் சீல் நொத்தாரிசின் கையெழுத்துக்கு ஈடாகாது. அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு நீங்கள் மாத வாடகைக்காரராக மட்டுமே இருப்பீர்கள். பெருஞ்செலவில் திருத்திய கடையிலிருந்து எழுப்ப ஒரு அறிவித்தல் போதும்.

எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அதே அளவு முக்கியம். கட்டடக்காரர் நாளை விற்றால், பதிந்த குத்தகை வாங்குபவரையும் கட்டும். பதியாவிட்டால், அவர் முதலில் பதிந்துகொண்டு உங்களைத் தெரியாது என்று சொல்ல இடமுண்டு.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது உங்கள் கடைக்குப் பொருந்துமா என்பது இடத்தையும் ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதியையும் பொறுத்தது. மறுபக்கத்தில், குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தை விரைவாக மீளப் பெறுவதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. "காலம் முடிஞ்சாலும் அப்பிடியே இருங்கோவன்" என்ற வாய்ப்பேச்சை நம்பும் காலம் போய்விட்டது. புதுப்பிக்கும் உரிமை, அப்போது வாடகை எந்த வீதத்தால் கூடும் என்ற கணக்கோடு உறுதிக்குள்ளேயே எழுதப்பட வேண்டும்.

காலத்தைத் தீர்மானிக்க ஒரு வழி உண்டு. கடைக்குள் கழற்ற முடியாமல் போடப்போகும் பணத்தைக் கணக்கிட்டு, அதை மாத இலாபத்திலிருந்து மீட்க எத்தனை வருடம் செல்லும் என்று பாருங்கள். அந்த வருடங்களைவிடக் குறைந்த குத்தகையை எழுதாதீர்கள். திறந்து நடத்த ஆயத்தம் செய்யும் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு வாடகை விட்டுத் தரும்படி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெறும் கொங்கிறீற் அறையாகத் தரும் புதுக் கட்டடத்தில் அது நியாயமான கோரிக்கை.

முற்பணம் எவ்வளவு, அதில் மாத வாடகைக்குக் கழியும் தொகை எது, முடிவில் திருப்பித் தரும் தொகை எது என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நாலு வருடம் கழித்துப் பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது. நெல்லை நம்பிய ஊரில் வியாபாரியின் கையிலும் காசு அறுவடையோடுதான் புரளும். உரக்கடை, உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைப்பவர்கள் மாத வாடகையைக் குறைத்து, காலபோக அறுவடைக்குப் பின் பங்குனியிலும் சிறுபோகத்துக்குப் பின் புரட்டாதியிலும் மிச்சத்தைக் கட்டும் ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு தவணைத் திகதியும் உறுதியில் வர வேண்டும்.

நீங்கள் பொருத்தும் எவற்றைக் கழற்றலாம் என்ற பட்டியலும், அதே கட்டடத்தில் அதே வியாபாரத்துக்கு இன்னொரு அறையைக் கொடுக்கமாட்டேன் என்ற வாக்கும் இருக்கட்டும். ஆதனவரி பொதுவாகக் கட்டடக்காரருடையது, வியாபார அனுமதிப்பத்திரம் உங்களுடையது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவதும், உணவுக் கடையென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து அறையைக் காட்டுவதும் உங்கள் வேலை. பரிசோதகரை முற்பணத்துக்கு முன்பே கூட்டி வாருங்கள். கழிவுநீர் போக வழியில்லை என்று அவர் சொன்னால் அந்த அறையில் சாப்பாட்டுக் கடை நடக்காது.

திறப்பை வாங்கும் நாளில் மீற்றர் இலக்கத்தையும் சுவர், நிலம், ஷட்டர், குழாய்களின் நிலையையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, கட்டடக்காரருக்கே வட்சப்பில் அனுப்பிவிடுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்தால் துண்டு வாங்குங்கள்.

குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் விருப்பத்தைப் பதிவுத்தபாலில் எழுதி அனுப்புங்கள். கட்டடக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் ஆடி, ஆவணி மாதங்களைத் தவறவிடாதீர்கள். அவரையே நொத்தாரிசிடம் கூட்டிச்சென்று கையெழுத்தை நேரில் வாங்குங்கள்.